மூன்றாவது இருக்கை: பிரித்தானியப் பதக்கக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பட்டங்கள், விருதுகள், பதக்கங்கள் வழங்கலுக்கான குழுவின் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
லண்டன்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 1940 ஜூன் 11 அன்று லண்டன் கெஜட் என்ற அரசிதழில் வெளியான ஓர் அறிவிப்பைப் பற்றியும், அதில் இடம்பெறாமல் போன ஒரு பெயரைப் பற்றியும் இம்மடலை எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அரச வான்படைக்குக் கிடைத்த முதல் இரண்டு விக்டோரியா கிராஸ் விருதுகள் (போர்க்கள வீரத்துக்கான பிரித்தானியாவின் மிக உயரிய விருது அது) அந்த அறிவிப்பில்தான் வெளியாயின. விமானி டொனால்ட் கார்லண்டுக்கு ஒன்று, வழிகாட்டும் பொறுப்பிலிருந்த சார்ஜன்ட் தாமஸ் கிரேக்கு ஒன்று. இருவரும் அப்போது உயிருடன் இல்லை. அவர்கள் பறந்த ஃபேரி பேட்டில் விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாமவர் லாரன்ஸ் ரெனால்ட்ஸ், இருபது வயது, கம்பியில்லாத் தந்தியையும் பின்பக்கத் துப்பாக்கியையும் கவனித்தவர்; அதே நாளில், அதே தாக்குதலில், அதே விமானத்தோடு இறந்தவர். அவருக்கு விருது எதுவும் இல்லை. அறிவிப்பில் அவர் பெயரும் இல்லை.

நடந்ததை உங்கள் குழு அறியும் என்றாலும், இம்மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 மே 10 விடியற்காலையில் ஜெர்மானியர்கள் என்ஜின் இல்லாத மிதவை விமானங்களில் வந்திறங்கி, பெல்ஜியத்தின் எபன் எமெய்ல் கோட்டையைத் தாக்கியதோடு, ஆல்பர்ட் கால்வாயின் மேலிருந்த வெல்ட்வெசெல்ட், வ்ரோன்ஹோவன் பாலங்களையும் உடைபடாமல் கைப்பற்றிக்கொண்டார்கள். அந்தப் பாலங்களின் வழியே கவச வண்டிகள் மேற்கு நோக்கிப் பெருகின. மறுநாள் பெல்ஜிய வான்படை ஒன்பது பேட்டில் விமானங்களை அனுப்பி ஆறை இழந்தது, பாலங்கள் நின்றன. மே 12 அன்று பிரான்சின் அமிஃபோன்டேன் தளத்திலிருந்த 12 ஆம் படைப்பிரிவுக்கு, எந்த விலை கொடுத்தும் பாலத்தைத் தகர்க்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. படைப்பிரிவின் விமானக் குழுக்கள் அத்தனையும் தாமாக முன்வந்தன. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஐந்து குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து விமானங்கள் தாழப் பறந்து, விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் சூழக் காத்திருந்த இடத்துக்குள் நுழைந்தன. ஒன்றுதான் திரும்பியது.

குழுக்கள் அனைத்தும் முன்வந்தன என்பதும், சீட்டுக் குலுக்கப்பட்டது என்பதும் நான் வேறெங்கோ தேடிப் பிடித்தவை அல்ல. விருது அறிவிப்பின் வாசகமே அவற்றைச் சொல்கிறது. முன்வந்தவை குழுக்கள். சீட்டில் வந்தவையும் குழுக்கள். விருது மட்டும் குழுவைப் பிரித்து இருவரை எடுத்துக்கொண்டு ஒருவரை விட்டுவிட்டது.

பேட்டில் விமானத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு இன்னும் விளங்காது. ஒற்றை என்ஜின், நீண்ட கண்ணாடிக் கூரை, அதன்கீழ் மூன்று பேர். முன்னே விமானி, நடுவில் வழிகாட்டியும் குண்டு குறிபார்ப்பவருமான ஒருவர், கடைசியில், வால் பக்கம் பார்த்தபடி, கையால் இயக்கும் ஒற்றை விக்கர்ஸ் துப்பாக்கியோடு ஒருவர். துரத்தி வரும் போர் விமானம் பேட்டிலைவிட வேகமானது. ஆகவே அதற்கு முகம் கொடுக்க வேண்டியவர் அந்தக் கடைசி இருக்கைக்காரர். விமானிக்குத் தன் கையில் சுக்கான் இருக்கிறது, தாழவோ வளையவோ முடியும். பின்னால் இருப்பவர் விமானம் போகும் திசையைக்கூட முதுகால்தான் அறிகிறார். விலகவோ திரும்பவோ வழியில்லாமல், வந்த குண்டுகளுக்கு எதிரே அமர்ந்து சுட்டுக்கொண்டே இருப்பது ஒரு தனிவகைத் துணிவு என்று நான் நினைக்கிறேன். அது மற்ற இருவரின் துணிவைவிடக் குறைந்தது என்று எந்த அளவுகோலைக் கொண்டு சொல்வது?

அவர் விடுபட்டதற்கு ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது: முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கவில்லை என்பது. இந்த விளக்கத்தை ஒரு கணம் ஏற்றுக்கொண்டு பார்ப்போம். அதே 1940 செப்டம்பரில், ஆன்ட்வெர்ப் துறைமுகத்தின் மேல் தீப்பற்றிய ஹாம்ப்டன் விமானத்துக்குள் நின்று நெருப்பை அணைத்த பதினெட்டு வயது ஜான் ஹன்னாவுக்கு விக்டோரியா கிராஸ் வழங்கினீர்கள். அவரும் கம்பியில்லாத் தந்தியையும் துப்பாக்கியையும் கவனித்தவர்தான். 1944 ஜூனில் காம்ப்ரே நகரின் மேல் எரிந்துகொண்டிருந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால் கூண்டில் சிக்கிய தோழரை மீட்க முயன்று, தன் உடையும் பாராசூட்டும் தீப்பற்ற, இறுதியில் உயிரிழந்த கனடியர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி ஒரு துப்பாக்கி வீரர், அவருக்கும் வழங்கினீர்கள். 1945 புத்தாண்டு நாளில் டோர்ட்முண்ட்-எம்ஸ் கால்வாயைத் தாக்கித் திரும்பிய விமானத்தில் இரு துப்பாக்கி வீரர்களை வெறுங்கையால் நெருப்பிலிருந்து இழுத்து வந்து, மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்த ஜார்ஜ் தாம்ப்சன் கம்பியில்லாத் தந்தி இயக்குநர், அவருக்கும் வழங்கினீர்கள். ஆகவே, பின் இருக்கைக்கு இந்த விருது எட்டாது என்று விதி எதுவும் இருந்ததில்லை. ரெனால்ட்ஸ் இறந்தபோது அவர் லீடிங் ஏர்கிராஃப்ட்மேன், அதாவது சார்ஜன்டுக்குக் கீழே இருந்த ஒரு நிலை. பறக்கும் வீரர்கள் அனைவரும் குறைந்தது சார்ஜன்டாக இருக்க வேண்டும் என்ற உத்தரவு அந்த மே மாதக் கடைசியில், அவர் இறந்து இரண்டு வாரத்துக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. தரம்தான் காரணம் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் தரம் காரணமல்ல என்று நம்பவும் எனக்கு ஆதாரம் வேண்டும்.

கார்லண்டின் விருதையோ கிரேயின் விருதையோ இம்மடல் குறைத்துப் பேசவில்லை. கார்லண்டின் உடன்பிறந்த மூவரும் அதே வான்படையில் பணியாற்றிப் போர்க்காலத்திலேயே இறந்தார்கள். நான்கு மகன்களைக் கொடுத்த வீட்டின் ஒரே ஆறுதலில் யார் கை வைப்பார்கள்? சிக்கல் அந்த இருவரிடம் இல்லை. குண்டுவீச்சு விமானம் என்ற ஒன்றை விருது விதிகள் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது.

அந்த விதிகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். 1979 வரை பிரித்தானிய நடைமுறையில், செயலில் உயிரிழந்தவருக்கு விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் (பகைவர் முன்னிலையில் அல்லாத துணிவுக்கானது), போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடுதல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வீர விருது வழங்க இடமில்லை. (முதல் இந்திய ஜார்ஜ் கிராஸ் வீரரான மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன் 1944 இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து தோழர்களைக் காத்து இறந்தவர் என்பதால், இந்த மூன்றில் நடுவிலுள்ளதை எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள்.) பகைவரோடு பொருது இறந்தவருக்கு உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் வெற்றிடம். உயிரோடு வந்தவருக்கு டி.எஸ்.ஓ., டி.எஃப்.சி., டி.எஃப்.எம். என்ற வீர விருதுகளாகப் படிப்படியாக இருந்த ஏணி, இறந்தவருக்கு இல்லை.

இந்த விதி ஒரே விமானத்துக்குள் என்ன செய்தது என்பதை டேவிட் ஹோர்னெலின் குழு காட்டுகிறது. 1944 ஜூன் 24 அன்று, கனடிய வான்படையின் 162 ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கான்ஸோ விமானம் வட அட்லாண்டிக்கில் ஒரு நீர்மூழ்கியைத் தாக்கி மூழ்கடித்தது. தானும் எரிந்து கடலில் இறங்கியது. எட்டுப் பேருக்கு ஒரு சின்ன ரப்பர்ப் படகு. முறை வைத்து நீரில் தொங்கினார்கள். ஏறத்தாழ 21 மணி நேரத்துக்குப் பின் மீட்புப் படகு வருவதற்குள் என்ஜின் பொறுப்பாளர்களான செயின்ட் லோரான், ஸ்காட் இருவரும் குளிரில் இறந்துவிட்டார்கள். மீட்கப்பட்டதும் ஹோர்னெலும் இறந்தார். ஹோர்னெலுக்கு விக்டோரியா கிராஸ். உயிர் பிழைத்த ஐவருக்கு ஒரு டி.எஸ்.ஓ., இரண்டு டி.எஃப்.சி., இரண்டு டி.எஃப்.எம். இறந்த அந்த இரு சார்ஜன்டுகளுக்குப் போர் அறிக்கையில் ஒரு வரி. பிழைத்த ஐவரைவிட அவர்கள் எதில் குறைந்தார்கள்? குளிர் அவர்களை முதலில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இன்னும் சில மணி நேரம் மூச்சு ஓடியிருந்தால் அவர்களுக்கும் பதக்கம் கிடைத்திருக்கக்கூடும் என்ற நிலையை உண்டாக்கும் விதியை வீரத்தின் அளவுகோல் என்று எப்படி அழைப்பது?

ரூர் அணைகளைத் தாக்கிய 617 ஆம் படைப்பிரிவின் கணக்கும் இப்படித்தான். 1943 மே 16 இரவில் பத்தொன்பது லங்காஸ்டர்களில் 133 பேர் புறப்பட்டார்கள். எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், மூவர் சிறைப்பட்டார்கள். திரும்பியவர்களில் 34 பேருக்கு விருதுகள். இறந்த 53 பேரில் ஒருவருக்கும் அந்த இரவுக்காக வீர விருது இல்லை. ஜான் ஹாப்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழியிலேயே தலையில் காயம். மோனே அணையை நெருங்கும்போது விமானம் அடிபட்டு இறக்கை பற்றியெரிந்தது. எரியும் விமானத்தை மேலே ஏற்றி, தோழர்கள் குதிக்கப் போதுமான உயரத்தை எட்டவைத்துவிட்டு அவர் அதனுடனேயே போனார். மூவர் குதித்தார்கள், இருவர் உயிர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான வால் கூண்டுத் துப்பாக்கி வீரர் டோனி பர்ச்சர், கால் சிதைந்து கிடந்த கம்பியில்லாத் தந்தி இயக்குநர் மின்சினை முதலில் பாராசூட்டோடு வெளியே தள்ளிவிட்டுத் தான் குதித்தவர். போர் முடிந்து இருவரும் ஊர் திரும்பினார்கள். நடந்ததைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கொடுக்கத்தான் விதியில் ஒன்றுமில்லை.

சாட்சி இல்லாததால் விருது வழங்க இயலவில்லை என்ற வாதம் உங்கள் அலுவலகத்தில் அடிக்கடி ஒலித்திருக்கும். அதில் நியாயம் உண்டு. திரும்பி வராத விமானத்துக்குள் யார் என்ன செய்தார் என்று யார் சொல்வது? ஆனால் இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. 1943 ஆகஸ்ட் 11 அன்று, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், நியூசிலாந்தைச் சேர்ந்த லாய்ட் ட்ரிக் தலைமையிலான 200 ஆம் படைப்பிரிவு லிபரேட்டர் விமானம் யூ-468 என்ற நீர்மூழ்கியைத் தாக்கியது. வால் பக்கம் தீப்பிடித்த பிறகும் திரும்பிப் போகாமல், தலைக்கு மேல் உரசுவது போலத் தாழ்ந்து வந்து ஆழ்வெடிகளைப் போட்டுவிட்டு, கடலில் விழுந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள். மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து ஏழு ஜெர்மானியர்கள் பிழைத்தார்கள். அவர்களைத் தாங்கியது, உடைந்த லிபரேட்டரிலிருந்து மிதந்து வந்த ரப்பர்ப் படகு. அந்த எழுவரில் ஒருவரான தளபதி ஷாமோங் சொன்னதை வைத்தே ட்ரிக்குக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. பகைவரின் வாய்மொழியை ஏற்று உயரிய விருதை வழங்கிய பெருந்தன்மையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஷாமோங் கடல் மட்டத்திலிருந்து பார்த்தது ஒரு விமானத்தை. அதற்குள்ளே யார் சுக்கானைப் பிடித்திருந்தார், யார் எரியும் வாலருகே நின்று சுட்டார், ஆழ்வெடிகளை விடும் நொடியை யார் சொன்னார் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய சாட்சியம் எட்டுப் பேருக்குமானது. அதை ஒருவருக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டது பதக்க நடைமுறை.

இங்கே ஒரு சொந்தச் செய்தியை இடைச்செருகலாகச் சொல்லிக்கொள்கிறேன். நான் சென்னையில் பரங்கிமலைப் பகுதியில் வசிப்பவன். ட்ரிக்கின் 200 ஆம் படைப்பிரிவு 1944 இல் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்து தங்கியது இந்தப் பரங்கிமலையில்தான். இங்கிருந்து வங்கக் கடலின் மேல் ரோந்து பறந்தார்கள். லண்டனின் பதக்க வழக்கில் சென்னைக்காரனுக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை. இன்னொரு விடை, பேரரசின் போரில் எங்கள் ஊர்ப் பணமும் எங்கள் ஊர் ஆட்களும் இருந்தார்கள் என்பது. மதராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய 264 ஆம் படைப்பிரிவு பறந்த டெஃபயன்ட் விமானத்திலும் சுடும் வேலை முழுவதும் பின் கூண்டில் இருந்தவருடையதே.

1941 ஏப்ரல் 6 அன்று ப்ரெஸ்ட் துறைமுகத்துக்குள் புகுந்து நைசனாவ் போர்க்கப்பலை டார்பிடோவால் தாக்கிய கென்னத் கேம்பெல்லின் போஃபர்ட் விமானத்திலும் நால்வர் இருந்தார்கள். நால்வரையும் ஜெர்மானியர்கள் படை மரியாதையோடு ப்ரெஸ்டில் அடக்கம் செய்தார்கள். விக்டோரியா கிராஸ் விமானிக்கு மட்டும். விமானத்தை நீரிலிருந்து எடுத்தபோது விமானியின் இருக்கையில் கிடந்தது கனடிய வழிகாட்டி ஸ்காட்டின் உடல் என்றொரு தகவல் உண்டு. அது உண்மையாக இருக்குமானால், அடிபட்ட கேம்பெல்லின் கையிலிருந்து கடைசி நொடிகளில் சுக்கானை வாங்கியவர் ஸ்காட் என்று ஆகிறது; 'முடிவெடுக்கும் இடம்' என்பது பறக்கும் விமானத்துக்குள் எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.

ராடன் மிடில்டனின் அறிவிப்பு என்னை மிகவும் உறுத்துவது. 1942 நவம்பர் இறுதியில் டூரின் நகரைத் தாக்கிவிட்டு, ஒரு கண்ணை இழந்த நிலையில் ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து இங்கிலாந்துக் கரை வரை ஸ்டர்லிங் விமானத்தைக் கொண்டுவந்து, தோழர்களைக் குதிக்கச் சொன்ன ஆஸ்திரேலியர் அவர். ஐவர் பத்திரமாகக் குதித்தார்கள், இருவர் அவருக்கு உதவத் தங்கினார்கள், மறுநாள் முன் துப்பாக்கி வீரரின் உடலும் என்ஜின் பொறுப்பாளரின் உடலும் கடலில் கிடைத்தன என்று அறிவிப்பே சொல்கிறது. பதவியைச் சொல்கிறது. தங்கியதைச் சொல்கிறது. பெயரைச் சொல்லவில்லை. மெக்கீ, ஜெஃப்ரி என்ற அந்த இரு பெயர்களையும் அச்சிட அரசின் கெஜட்டுக்கு எவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்கும்?

ஒரு குழுவின் வீரத்தைக் குழுவாகவே பார்ப்பது நடக்காத காரியம் அல்ல. 1943 ஜூன் 16 அன்று பூகன்வில் தீவின் மேல் புகைப்படம் எடுக்கச் சென்ற அமெரிக்க பி-17 விமானத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். விமானி ஜே ஸீமருக்கும், அடிபட்டும் துப்பாக்கியை விடாமல் இறந்த குண்டு குறிபார்ப்பவர் ஜோசஃப் சார்னோஸ்கிக்கும் அந்நாட்டின் மிக உயரிய பதக்கம். மீதமிருந்த எழுவருக்கும் அதற்கு அடுத்த நிலைப் பதக்கம். ஒருவரும் விடுபடவில்லை. அதெல்லாம் அமெரிக்க வழக்கம் என்று நீங்கள் ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் 1856 ஆம் ஆண்டின் உங்கள் சொந்த விக்டோரியா கிராஸ் ஆணையிலேயே, ஒரு படையின் அனைவரும் ஒத்த வீரம் காட்டியிருந்தால் அவர்களே வாக்களித்துத் தங்களுக்குள் விருதுக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பிரிவு இருந்தது. 1918 இல் ஸீப்ரக் தாக்குதலுக்குப் பின் அந்தப் பிரிவு கடைசியாகப் பயன்பட்டது. வீரம் பகிரப்பட்டதாக இருக்கலாம் என்பதை விருதை உருவாக்கியவர்கள் அறிந்தே இருந்தார்கள். தேர்வில் கீழ்நிலைப் படைவீரர்களுக்கும் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். வாக்களிக்க ஒருவரும் திரும்பி வராத குழுவை மட்டும் அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் நாட்டில் நடுகல் மரபு உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. மாடு கவர வந்தவர்களோடு பொருது இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு விடாமல், கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். யார் தலைவன், யார் துணை என்பதில் அந்த ஊராருக்குக் குழப்பம் இல்லை, கல் வீரனுக்குத்தான். ஆனால் களத்தில் உடன் நின்றது எதுவோ அதன் பெயர் கல்லில் இருக்க வேண்டும் என்பது, ஏட்டு விதி எதுவும் இல்லாமலேயே ஏழாம் நூற்றாண்டின் ஒரு சிற்றூருக்குத் தெரிந்திருந்தது. 1940 இன் கெஜட் ஆசிரியர்களுக்கு அது தெரியாமற்போனதைக் குறித்து நான் கடுமையாக எழுத எண்ணி, எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். டன்கர்க்கிலிருந்து படைகளை மீட்டு முடித்து ஒரு வாரமே ஆன நேரத்தில் அச்சான பக்கம் அது. அன்றைய அவசரத்தை மன்னிக்கலாம். அதற்குப் பிந்தைய எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பிற்காலத்தில் உங்கள் வான்படையின் 10 ஆம் படைப்பிரிவு தன் விசி-10 விமானங்களுக்கு விக்டோரியா கிராஸ் வீரர்களின் பெயர்களைச் சூட்டியபோது, ஒரு விமானத்தில் கார்லண்ட், கிரே இருவர் பெயரும் சேர்த்து எழுதப்பட்டது. மூன்றாம் பெயருக்கு அங்கும் இடம் கிடைக்கவில்லை.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். ரெனால்ட்ஸுக்கு விக்டோரியா கிராஸ் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கான விருதுகள் இனி இல்லை என்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1949 இல் முடிவு செய்ததை அறிவேன். மாவோரி வீரர் ஹானே மனாஹியின் வழக்கு 2007 இல் அந்தச் சுவரில் மோதி நின்றதும், பதக்கத்துக்குப் பதிலாக ஒரு பீடத் துணியும் அரசியின் கடிதமும் ஒரு வாளும் அவருடைய மக்களுக்கு வழங்கப்பட்டதும் தெரியும். ஆஸ்திரேலியா தன் மாலுமி டெடி ஷீனுக்கு, அவர் இறந்து 78 ஆண்டுகளுக்குப் பின், 2020 இல் விக்டோரியா கிராஸ் வழங்கியது. அது அந்நாட்டின் தனி ஏற்பாட்டின்படி நடந்தது என்பதால் அதை உங்களுக்கு எதிரான முன்மாதிரியாக நீட்டவும் மாட்டேன். பழைய விருதுகளை ஒவ்வொன்றாகத் திறந்து இன்றைய கண்ணால் எடைபோடத் தொடங்கினால் முடிவே இருக்காது என்ற உங்கள் அச்சம் நியாயமானது.

நான் கேட்பது பெயர். குண்டுவீச்சு விமானத்திலோ கடல் ரோந்துத் தாக்குதல் விமானத்திலோ நிகழ்ந்த ஒரு செயலுக்காக இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டிருந்து, அந்த விமானத்தில் வேறு எவரேனும் அதே செயலில் இறந்திருந்தால், அவர்களுடைய முழுப்பெயரையும் பொறுப்பையும் குறிப்பிட்டு, பழைய அறிவிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய துணை அறிவிப்பு ஒன்றை லண்டன் கெஜட்டில் வெளியிடுங்கள். இது பதக்கம் அல்ல, பட்டமும் அல்ல. ஆகவே 1949 ஆம் ஆண்டு முடிவை இது தொடவில்லை. எவருடைய தனிச்செயலையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அவர் அந்த விமானத்தில் இருந்தார் என்பதே போதும். ஆகவே சாட்சிச் சிக்கலும் எழாது. விமானங்களின் எண்ணிக்கையும் சிறியது. நான் எண்ணிப் பார்த்தவரையில் இருபதைத் தாண்டாது.

அணைத் தாக்குதலில் இறந்தவர்கள் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கிப்சனுக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ் அவர் விமானத்துக்கு மட்டும் உரியதா, அந்த இரவு முழுமைக்கும் உரியதா என்பது தனி விவாதம். என் விருப்பம் 53 பெயர்களும் அச்சாக வேண்டும் என்பதே. ஆனால் வாசலை அகலத் திறக்கச் சொல்லி, அதையே காரணமாக வைத்து நீங்கள் முழுவதையும் மூடிவிட நான் இடம் தர விரும்பவில்லை.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். அது உங்கள் குழுவிடமிருந்து அல்ல, என்னைப் போன்ற வாசகர்களிடமிருந்தே வரும். நகரங்களை எரித்த விமானங்களுக்கு இன்னும் எத்தனை மரியாதை? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அணைகள் உடைந்த இரவில் வெள்ளத்தில் இறந்த 1,300க்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் ஜெர்மனியில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த வெளிநாட்டவர்கள். 2012 இல் லண்டன் கிரீன் பார்க்கில் திறக்கப்பட்ட குண்டுவீச்சுப் படை நினைவகத்திலேயே, குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டினரையும் நினைவுகூரும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அப்படிப் பொறித்தது சரி. குண்டுவீச்சுக் கொள்கையை வகுத்தவர்கள் மீதான விசாரணை வரலாற்றில் தொடரட்டும். ஆனால் அந்த விசாரணையின் சுமையைத் தூக்க வேண்டியவர் ஒரு பாலத்தை நோக்கிப் பறந்த விமானத்தின் கடைசி இருக்கையில் இருந்த இருபது வயதுக்காரர் அல்லர். குண்டுவீச்சுப் படையின் ஏறத்தாழ 1,25,000 பறக்கும் வீரர்களில் 55,573 பேர் திரும்பவில்லை. கொள்கை பற்றி அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

காலம் கடந்துவிட்டது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். படைப் பதக்கங்கள் குறித்துச் சர் ஜான் ஹோம்ஸ் 2012 இல் நடத்திய மறுஆய்வுக்குப் பின்னர்தான், போர் முடிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, குண்டுவீச்சுப் படையினர் பதக்க நாடாவில் அணியும் பட்டையும், ஆர்க்டிக் கடலில் பணியாற்றியோருக்கான ஆர்க்டிக் ஸ்டார் பதக்கமும் உருவாயின. இறந்தவர்களின் குடும்பத்தாரும் அவற்றைப் பெற முடிந்தது. எழுபதாம் ஆண்டில் செய்ய முடிந்ததை இன்று செய்ய முடியாமல் தடுப்பது எது?

போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையம் நூறாண்டுக்கு முன்பே ஒரு நெறியை வகுத்துக்கொண்டது: அதிகாரியானாலும் சிப்பாயானாலும் கல்லின் அளவும் அமைப்பும் ஒன்றே. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று வரிசைகளிடையே நடப்பவர் எவரும் அந்த நெறியைக் கண்ணால் காணலாம். பெல்ஜியத்தின் ஹெவர்லே தோட்டத்தில், ஒரே விமானத்தின் மூவரும் இன்று அந்த நெறியின் கீழ்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். கல்லறை ஆணையம் செய்ததில் பாதியைக் கெஜட் செய்தால் போதும்.

துணை அறிவிப்புக்கு ஒரு பக்கம் போதுமானது: விமானத்தின் வகை, படைப்பிரிவு, நாள், இடம், பழைய அறிவிப்பின் தேதி, பிறகு இறந்தவர்களின் பெயர்கள், பெயர்களைத் தர வரிசையில் அல்லாமல் அகரவரிசையில் அடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாதெனில் ஆல்பர்ட் கால்வாயிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே விடுபட்டது ஒரே ஒரு பெயர். குழு இதை மறுக்குமானால் மறுப்பின் காரணத்தை எழுத்து வடிவில் வெளியிட வேண்டும்; முடிவெடுக்கும் இடத்தில் ரெனால்ட்ஸ் இருக்கவில்லை என்ற பழைய விளக்கம் இன்றும் அரசின் நிலைப்பாடுதானா, இல்லையா என்பதற்கு அந்தப் பதிலில் நேரடியான விடை இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வான்போர் வரலாற்று வாசகன் ஒருவன்,
பரங்கிமலை, சென்னை.